பேசாத கணுவும் பொய் சொல்லும் கணுவும்

தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளில் ஏழாம் எண் கணு நான்கு நாளாக 38 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மண்ணில் ஈரம் 38 சதவீதம். விடியற்காலையில் 38, உச்சி வெயிலில் 38, நள்ளிரவிலும் 38. திரையில் பச்சை நிறம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் அந்த வரிசை மிளகாய்ச் செடிகள் மட்டும் இலை தொங்கிக் கிடக்கின்றன. மண்ணைக் கிள்ளி எடுத்தேன்; பொடியாக உதிர்ந்தது.

தோட்டம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, டொங்காட் பக்கம் இருக்கிறது. நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருடையது. பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழ் அவருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. என்னைத் தம்பி என்பார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது டொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமும் சேதமடைந்து, ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. அதற்குப் பிறகு அண்ணன் இரண்டு ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வாங்கி வைத்தார். எந்தப் பாத்திக்கு எவ்வளவு ஈரம் என்று தெரிந்துகொண்டுதான் தண்ணீர் விட வேண்டும் என்ற எண்ணமும் அப்போதுதான் வந்தது. நான் மின்னணு வேலை தெரிந்தவன் என்பதால் 24 உணரிக் கணுக்களை வைத்து ஒரு சின்ன வலை அமைத்துக் கொடுத்தேன்.

அமைப்பது ஒரு வார வேலை. அது பழுதாகும் விதங்களைப் புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த இரண்டாவது பாடத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் வலை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு கணுவில் நான்கு பொருள்கள் இருக்கும்: அளக்கும் உணரி, கணக்குப் போடும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர், ரேடியோ, பேட்டரி. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கண் விழித்து, அளந்து, அளந்ததை ரேடியோவில் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். ரேடியோவின் குரல் சில பத்து மீட்டர்தான் எட்டும். அதனால் தூரத்துக் கணு பக்கத்துக் கணுவிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும். இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி மோட்டார் ரூம் கூரையில் இருக்கும் கேட்வேக்கு வந்து, அங்கிருந்து இணையத்துக்குப் போகும். கம்பியில்லா உணரி வலை என்பது இவ்வளவுதான்.

கணு என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து டர்பனில் இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் இந்த மண்ணில் நட்டது கரும்பை. கரும்புக்கும் கணுதான் உயிர். முளைக்கும் பரு கணுவில்தான் இருக்கிறது. கரணை வெட்டுகிறவர்கள் ஒரு பருவோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பரு இருக்கும்படி வெட்டி நடுவார்கள். ஒன்று பட்டுப்போனால் இன்னொன்று முளைக்கட்டும் என்பதுதான் காரணம். பழுதைச் சமாளிப்பது என்று பொறியாளர்கள் பேசுவதில் பாதி இந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. மிச்சப் பாதி எங்கே இருக்கிறது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

ஏழாம் கணுவுக்கு வருவோம். மண்ணுக்குள் போகும் கம்பியின் இணைப்பில் ஈரம் ஏறிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. இது பழுது. உணரியிடமிருந்து பதில் வராதபோது, கணுவின் மின்சுற்றுப் பலகையோடு வந்த நிரல் கடைசியாகக் கிடைத்த எண்ணையே திருப்பிக் கொடுத்தது. இது பிழை. அந்த எண்ணை நம்பித் தண்ணீர் விடாததால் செடி வாடியது. இது செயலிழப்பு. பழுது பிழையாகி, பிழை செயலிழப்பாகும். மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். களிம்பு பிடிப்பதை முழுக்கத் தடுக்க முடியாது; கடல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, காற்றிலேயே உப்பு. ஆனால் களிம்பு பிடித்த கம்பி பொய் எண்ணாக மாறுவதைத் தடுக்கலாம். பதில் வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லும்படி நிரலை மாற்றினேன். பத்து வரி கூட இருக்காது.

சும்மா இருந்தால் செத்ததாக அர்த்தமா?

ஊருக்குக் கிளம்பும் பிள்ளையிடம் அம்மா என்ன சொல்வாள்? “போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு.” போன் வந்தால் நிம்மதி. வராவிட்டால்? பஸ் தாமதமாக இருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம், மறந்திருக்கலாம். பத்து நிமிடம் தாமதமானதும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிற அம்மாவும் கஷ்டம், இரண்டு நாள் கழித்துத்தான் கவலைப்படுகிற அம்மாவும் கஷ்டம். எத்தனை நேரம் பொறுப்பது என்பதுதான் கேள்வி.

உணரி வலையிலும் இதே முறைதான். கணு அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற தகவலும் ஆகும். இதை இதயத்துடிப்புச் செய்தி என்பார்கள். எத்தனை துடிப்பு தவறினால் ஆள் போய்விட்டது என்று முடிவு செய்யலாம்? இதைக் குத்துமதிப்பாக வைக்காமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் வலையில் பத்துச் செய்திக்கு ஒன்று காற்றிலேயே காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் இது சகஜம். ஒரு செய்தி தொலைய வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், நல்லபடியாக இருக்கும் கணுவின் மூன்று செய்திகள் அடுத்தடுத்துத் தொலைய வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. மிகக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு கணு நாளைக்கு 96 செய்தி அனுப்புகிறது. 24 கணுக்களுக்கு 2,304. மூன்று தவறினால் மணி அடி என்று வைத்தால் தினமும் இரண்டு பொய் எச்சரிக்கை வரும். ஒரே வாரத்தில் அண்ணன் போனைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். நான்கு தவறினால் என்று மாற்றினால் நான்கைந்து நாளைக்கு ஒன்றுதான் வரும். அதற்குக் கொடுக்கும் விலை, உண்மையாகவே செத்த கணுவைக் கண்டுபிடிக்கக் கூடுதலாகக் கால் மணி நேரம். ஈரம் அளக்கும் தோட்டத்துக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிதில்லை. வெள்ளம் அளக்கும் ஆற்றங்கரையில் அது உயிர்ப் பிரச்சினை. அங்கே துடிப்பையே அடிக்கடி அனுப்ப வைத்து, அதற்கேற்ற பெரிய பேட்டரி கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. செய்திகள் தனித்தனியாகத் தொலையும் என்று நினைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. கனமழையில் அப்படி நடக்காது. தொலைந்தால் கொத்தாகத் தொலையும். அதனால் மழை நேரத்தில் பொறுமையைக் கூட்டி, ஆறு தவறினால்தான் மணி என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம், யார் யார் ஒன்றாக வாய் மூடினார்கள் என்று பாருங்கள். வீட்டில் விளக்கு அணைந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? ஜன்னலைத் திறந்து, பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். அங்கேயும் இருட்டு என்றால் நம் ஃப்யூஸைக் கழற்றிப் பார்ப்பதில்லை. வலையிலும் அந்த எட்டிப் பார்த்தல்தான் சரியான முதல் வேலை. ஒரு கணு மட்டும் பேசாவிட்டால் பழுது அந்தக் கணுவில். மேற்கு மூலையில் ஐந்து கணுக்கள் ஒரே நேரத்தில் வாய் மூடினால், அந்த ஐந்தின் செய்தியையும் வாங்கிக் கைமாற்றும் ஆறாவது ஒன்றைப் பாருங்கள். 24-ம் மூடினால் தோட்டத்துக்குள்ளேயே போக வேண்டாம், கேட்வேயைப் பாருங்கள்.

2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்களுக்கு அடிக்கடி நடந்தது இந்தக் கடைசி வகை. இத்தனைக்கும் கேட்வேக்குத் தனி பேட்டரி வைத்திருந்தேன், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெட்டு நீண்டதும் அலைபேசிக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்து இணையம் போய்விடும். கோபுர பேட்டரிகளைத் திருடுவதும் இந்த நாட்டில் பெரிய தொல்லை. கணு எல்லாம் நலம், கேட்வே நலம், வெளியே போக வழி மட்டும் இல்லை. அப்போது கேட்வே செய்ய வேண்டியது, வந்த செய்திகளை நேரம் போட்டு மெமரி கார்டில் சேர்த்து வைத்துக்கொண்டு, வழி திறந்ததும் அனுப்புவது. இதைச் செய்யாத கேட்வேயை வாங்கவே வாங்காதீர்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2005-இல் ஈக்வடாரில் ரெவென்டடோர் என்ற எரிமலையின் மேல் 16 கணுக்களை 19 நாள் வைத்து ஆய்வு செய்தார்கள். எரிமலை மேல் கிடந்த கணுக்கள் நன்றாகவே தாக்குப்பிடித்தன. அவர்களை அதிகம் படுத்தியது, கீழே பத்திரமாகக் கட்டிடத்துக்குள் இருந்த மையக் கணினிக்கு வரும் கரண்ட். புதிதாக வருகிறவர்கள் கணுவின் பெட்டியைத்தான் கவசம் மாதிரி செய்வார்கள். பணத்தை முதலில் கேட்வேயில் போடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து.

பொய்

செத்த கணு நல்ல கணு என்று சொல்லும் அளவுக்கு நான் வந்துவிட்டேன். அது இல்லை என்பதாவது தெரியும். பொய் சொல்லும் கணு தோட்டத்தையே காய வைத்துவிடும்.

பொய்யில் பல ரகம். ஏழாம் கணு சொன்னது ஒட்டிக்கொண்ட பொய்: ஒரே எண். இன்னொன்று வெப்பத்தை எப்போதும் இரண்டு டிகிரி கூட்டியே சொல்லும். அதைத் தெரிந்துகொண்டால் கழித்துவிடலாம், அதோடு வாழலாம். மூன்றாவது திடீரென்று குதிக்கும்: 24, 25, 91, 25. இதைப் பிடிப்பது சுலபம், கால் மணி நேரத்தில் காற்று 66 டிகிரி சூடேறாது. பிடிக்கக் கஷ்டமானது மெல்ல மெல்லச் சரியும் பொய். வாரத்துக்கு அரை சதவீதம் என்று நகரும். எந்த இரண்டு நாளை ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது, ஆறு மாதத்தில் எண்ணுக்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. அளவு சரி பார்த்த ஒரு கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசை வரிசையாக நடக்க வேண்டியதுதான்.

மற்ற பொய்களுக்குக் கேட்வேயிலேயே சில கேள்விகளை எழுதி வைக்கலாம். இந்த எண் நடக்கக்கூடியதா? போன தடவையிலிருந்து இவ்வளவு வேகமாக மாறக்கூடியதா? அப்புறம் நான் ஏழாம் கணுவிடம் கற்ற கேள்வி: கொஞ்சம்கூட மாறாமல் இருக்கக்கூடியதா? இயற்கையில் எதுவும் அசையாமல் நிற்பதில்லை. ஈரமான மண்கூடப் பகலில் ஒன்று இரவில் ஒன்று என்று கொஞ்சம் மூச்சு விடும். ஆறு மணி நேரம் கடைசி இலக்கம்கூட மாறாமல் வந்தால் இப்போது திரையில் மஞ்சள் நிறம் வந்துவிடும்.

அடுத்தது அக்கம்பக்கத்து விசாரணை. ஒரே கூடாரத்தில் ஐந்து கணுக்கள் வெப்பம் அளக்கின்றன. 24, 25, 25, 24, 91 என்று சொல்கின்றன. கூட்டி ஐந்தால் வகுத்தால் 37.8. ஒரு பொய்யன் சேர்ந்து நால்வர் சொன்ன உண்மையையும் கெடுத்துவிட்டான். அதற்குப் பதில் எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள்: 24, 24, 25, 25, 91. நடு எண் 25. அந்த 91 இடத்தில் 900 வந்தாலும் நடு எண் நகராது. இடைநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். பழுது பார்க்கும் கருவிகளில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நம்பகமான ஒன்றை நான் வேறு பார்த்ததில்லை.

ஆனால் அந்த 91-ஐ அழித்துவிடாதீர்கள். கூடாரத்தின் அந்த மூலையில் நெருப்புப் பிடித்திருந்தால்? தீ ஐந்து கணுக்களிடமும் ஒரே நேரத்தில் வராது. முதலில் ஒன்றிடம்தான் வரும். ஊரே ஒரு பக்கம் பேச ஒருவன் மட்டும் வேறு பேசினால், அவன் பொய்யனாகவும் இருக்கலாம், நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சியாகவும் இருக்கலாம். எங்களுக்கே ஒருமுறை 12-ஆம் கணு பக்கத்துக் கணுக்களைவிட இருமடங்கு ஈரம் காட்டியது. உணரி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அண்ணன் போய்ப் பார்த்தார். சொட்டுநீர்க் குழாயைக் குரங்கு கடித்து உடைத்திருந்தது. டர்பன் பக்கத்துக் கறுமுகக் குரங்குகளைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அதற்குப் பிறகு நான் எந்த எண்ணையும் தூக்கி எறிவதில்லை. சந்தேகக் குறி போட்டு, அப்படியே சேமித்து வைக்கிறேன்.

சரி, கணு ஏன் பொய் சொல்ல ஆரம்பிக்கிறது? களிம்பு, எறும்பு, தண்ணீர் என்று காரணம் பல. அதிகம் தவறவிடப்படுவது பேட்டரி. 2004-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இன்டெல் ஆய்வுக்கூடத்துக்குள் 54 கணுக்களை வைத்து ஒரு மாதத்துக்கு மேல் வெப்பமும் ஈரப்பதமும் அளந்தார்கள். அந்த எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இந்தத் துறையில் படிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது அதைத்தான். பேட்டரி தீரத் தீர, ஏசி போட்ட அறையின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிப் போவதாகக் கணுக்கள் சொல்லும். அறை கொதிக்கவில்லை. மின்னழுத்தம் குறைந்ததும் உணரி தடுமாறுகிறது. மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொய் தொடங்கிய நேரம் பளிச்சென்று தெரியும். வெப்பத்தை மட்டும் பார்த்தால் தெரியாது.

நான் சொல்ல வருவதே இதுதான்: கணு ஊர்ச் செய்தியை மட்டும் சொன்னால் போதாது, தன் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கணுக்களின் ஒவ்வொரு செய்தியிலும் ஈரத்தோடும் வெப்பத்தோடும் இன்னும் நான்கு சின்ன எண்கள் வருகின்றன. பேட்டரி எத்தனை வோல்ட், இது எத்தனையாவது செய்தி, இதுவரை எத்தனை முறை தானாக நின்று மறுபடி தொடங்கினேன், யார் மூலமாக அனுப்புகிறேன். எட்டுப் பைட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்த எட்டுப் பைட் என்ன செய்யும் என்று ஒரு கணுவைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். 14-ஆம் எண். ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். பகலில் ஒழுங்காக இருந்தது. இரவு இரண்டு மணிக்கு மேல் செய்தி எண் 0, 1, 0, 0, 1 என்று வந்தது. அதாவது பேச ஆரம்பித்து, செத்து, எழுந்து, மறுபடி செத்துக்கொண்டிருந்தது. பேட்டரி அளவு 2.6 வோல்ட், மோசமில்லை. அப்புறம்தான் உறைத்தது, அந்த 2.6 தூங்கி எழுந்ததும் அளந்தது. பழைய பேட்டரிக்குள் தடை ஏறியிருக்கும், குளிரில் இன்னும் ஏறும். சும்மா இருக்கும்போது தெம்பாகத் தெரியும் பேட்டரி, ரேடியோ பேச வாய் திறந்த நொடியில் பொத்தென்று விழும். மின்னழுத்தம் விழுந்ததும் மைக்ரோகன்ட்ரோலர் நின்று முதலிலிருந்து தொடங்கும். உட்கார்ந்திருக்கும்போது நலமாகத் தெரிகிற நெஞ்சு நோயாளி மாதிரி. படியேறச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். அன்றிலிருந்து மின்னழுத்தத்தை ரேடியோ பேசிக்கொண்டிருக்கும்போதே அளக்கிறோம்.

இதில் ஒரு எச்சரிக்கை. 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு வகை பேட்டரியை வைத்திருந்தால் மின்னழுத்தத்தை நம்பாதீர்கள். அது கடைசி வரைக்கும் ஒரே உயரத்தில் நின்று, முடிவில் மலையிலிருந்து குதித்த மாதிரி விழும். அங்கே எத்தனை செய்தி அனுப்பினோம், ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்று வரவு செலவுக் கணக்குத்தான் எழுத வேண்டும்.

உடம்பைப் பற்றிய தகவலால் வரப்போகும் சாவையும் சில சமயம் முன்னாலேயே பார்க்கலாம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கடலோரத்தில் கிரேட் டக் என்ற தீவில் 2002-இல் கடற்பறவைகளின் வளைகளைக் கவனிக்கக் கணுக்களை வைத்தார்கள். ஈரப்பத உணரி நடக்காத எண்களைச் சொல்ல ஆரம்பித்தால், அந்தக் கணு சீக்கிரம் சாகும் என்று பின்னால் தெரிந்தது. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியதற்கு அதுதான் முதல் அறிகுறி.

ஒருவர் போனால் யார் யார் போவார்கள்

24 கணுக்களும் சமம் இல்லை. கேட்வேக்குப் பக்கத்தில் இருப்பவை தங்கள் செய்தியோடு ஊரார் செய்தியையும் சுமக்கின்றன. அதனால் அவற்றின் பேட்டரி முதலில் தீரும். அவை போய்விட்டால் பின்னால் இருக்கும் கணுக்களில் பேட்டரி நிறைய இருந்தும் புண்ணியமில்லை. காகிதத்தில் உங்கள் வலையை வரைந்து ஒவ்வொரு கணுவையும் விரலால் மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தால் படம் இரண்டு துண்டாகிறதோ அதுதான் கழுத்துக் கணு. எங்களுக்கு 9-ஆம் எண் அப்படி இருந்தது. அதற்குப் பெரிய பேட்டரி போட்டதோடு நிற்காமல், பத்து மீட்டர் தள்ளி ஒரு உணரியில்லாத கணுவையும் வைத்தேன். அதன் வேலை கைமாற்றுவது மட்டும்தான். 25-ஆவது கணு அது.

வழி மாறுவதைக் கணுக்களே செய்துகொள்ளும். 2012-இல் இணையத் தரமாக வெளிவந்த ஆர்பிஎல் என்ற வழிகாட்டு முறையில் ஒவ்வொரு கணுவும் தன் செய்தியை வாங்கிக் கைமாற்ற ஒருவரைத் தாயாக வைத்துக்கொள்ளும், மாற்றுத் தாய் ஒன்றிரண்டு பேரையும் நினைவில் வைத்திருக்கும். தாய் பதில் சொல்லாவிட்டால் மாற்றிடம் போகும். வழி விசாரிக்கும் செய்திகளே பேட்டரியைத் தின்றுவிடக் கூடாது என்பதால், எல்லாம் அமைதியாக இருந்தால் விசாரிக்கும் இடைவெளி இரண்டிரண்டு மடங்காகக் கூடும். குழப்பம் வந்தால் சட்டென்று குறையும். 2000-இல் வந்த லீச் என்ற முறை வேறு விதம். பாரம் சுமக்கும் தலைமைப் பொறுப்பை முறை வைத்து மாற்றிக்கொள்ளும், கோயில் திருவிழாவில் நாளுக்கொரு வீட்டு மண்டகப்படி மாதிரி.

ஒரு கணு தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியமும் உண்டு. வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் சிப்புக்குள் தனியாக ஓடும். நிரல் அதை அவ்வப்போது தட்டிக்கொடுக்க வேண்டும். மாட்டிக்கொண்டு தட்ட மறந்தால் அது கணுவை மறுபடி தொடங்க வைக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பழுது நிலையானது என்றால் கணு விடிய விடியச் செத்துப் பிழைத்துக்கொண்டே பேட்டரியைக் காலி செய்யும். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை விழுந்தால் நான்காவது முறை எழும்முன் நீண்ட நேரம் தூங்கச் சொல்லுங்கள்.

வேண்டுமென்றே, ஆளுக்கொரு பொய்யாகச் சொல்லும் கணுக்களைப் பற்றியும் ஒரு பெரிய கோட்பாடு இருக்கிறது. 1982-இல் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் எழுதியது: ஒரு துரோகியைத் தாங்கி ஒருமித்த முடிவுக்கு வர நான்கு பேர் வேண்டும், இரண்டு பேரைத் தாங்க ஏழு. தோட்டத்துக்கு அது தேவையில்லை. ஆர்வம் இருந்தால் படியுங்கள், அழகான கணக்கு.

இப்போது அந்த மிச்சப் பாதி. இரண்டு பருக் கரணையில் ஒன்று போனால் ஒன்று முளைக்கும் என்றேன். ஆனால் வயலில் தண்ணீர் தேங்கினால்? இரண்டு பருவும் சேர்ந்தே அழுகும். ஒன்றுக்கு இரண்டாக வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறவர்களை வீழ்த்துவது இந்தத் தேங்கிய தண்ணீர்தான். இரண்டு கணுக்களும் வேறு வேறு காரணத்தால் சாகும்வரைதான் மாற்றுக் கணு காப்பாற்றும்.

எங்களுக்கு அது சாம்பலாக வந்தது. இங்கே அறுவடைக்கு முன் கரும்பின் சோகையைக் கொளுத்துவார்கள். கறுப்புச் சாம்பல் காற்றில் பறந்து வந்து கொடியில் காயும் துணியெல்லாம் விழும்; இந்தக் கரையோரத்து வீடுகளில் அதைத் திட்டாத ஆளில்லை. மேற்குப் பக்கம் எட்டுக் கணுக்களுக்குச் சின்ன சோலார் பலகை வைத்திருந்தேன். அந்த வாரம் எட்டின் மின்னழுத்தமும் கைகோத்துக்கொண்டு இறங்கியது. ஒன்றுக்கு ஒன்று துணையாக வைத்தவை எல்லாமே அந்த எட்டுக்குள் இருந்தன. ஈரத் துணியால் துடைத்ததும் சரியானது. ஆனால் அன்றே பாதியை உருவி ஏஏ பேட்டரிக்கு மாற்றினேன். துணைக் கணு என்றால் வேறு பேட்டரி, வேறு உயரம், முடிந்தால் வேறு கடையில் வாங்கியது.

கரும்பு வளர்வதும் அப்படித்தான். கணுக்களை நட்டபோது தோட்டத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே பக்கத்துக்காரர் வயலில் கரும்பு முழங்கால் உயரம். சில மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டியது. எங்கள் ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ், இலையில் இருக்கும் தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிவிடும். எந்தக் கணுவும் கெடவில்லை, எந்த பேட்டரியும் தீரவில்லை, ஆனாலும் மேற்கு மூலையின் குரல் மாதா மாதம் தேய்ந்தது. ஆண்டெனாக்களை இரும்புக் குழாயில் ஏற்றி மூன்றரை மீட்டருக்குக் கொண்டுபோன பிறகுதான் திரும்பியது. நெதர்லாந்தில் சுமார் நூறு கணுக்களோடு உருளைக்கிழங்கு வயலில் ஒரு பெரிய முயற்சி நடந்து, பலவிதப் பழுதுகளால் எதிர்பார்த்த செய்திகளில் 2 சதவீதம்தான் கிடைத்தது. அதைப் படித்த அன்று எனக்கு அந்த ஆய்வாளர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது. தோல்வியை அப்படியே எழுதி வைத்ததால்தான் அடுத்தவர்கள் கற்றுக்கொள்ள முடிந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 24 வேண்டாம், மூன்று கணுவோடு தொடங்குங்கள். மொட்டை மாடியில் ஒன்று, சமையலறையில் ஒன்று, வாசலில் ஒன்று. ஒரு வாரம் ஓடட்டும். பிறகு வீட்டில் யாரையாவது, உங்களிடம் சொல்லாமல், ஒன்றின் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். திரை அதை எத்தனை நிமிடத்தில் சொல்கிறது என்று குறித்து வையுங்கள்.

நாங்கள் இதை மாதம் ஒருமுறை செய்கிறோம். கழற்றுவது அண்ணன் மகளின் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள், எதைக் கழற்றினாள் என்று கேட்டால் வாயே திறக்க மாட்டாள். முதல் மாதம் சாயங்காலம்வரை எனக்குத் தெரியவே இல்லை. போன மாதம் வேண்டுமென்றே கழுத்துக் கணுவான 9-ஐக் கழற்றியிருக்கிறாள். 65 நிமிடத்தில் என் போனில் மணி அடித்தது. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். 9-இன் வழியே பேசிக்கொண்டிருந்த ஆறு கணுக்களும் அதற்குள் 25-ஐத் தாயாக எடுத்துக்கொண்டு 26, 27, 26 என்று வெப்பத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன.